அடுப்பேறாத பேய்ப் பலகாரங்கள்!

"பாட்டி, என் பேய்க்கு ஒரு கண்ணு கீழ இறங்கிடுச்சு!"

"இறங்கட்டும்டா தங்கம். ராத்திரி பூரா ஊர் சுத்திட்டு வந்த பேயா இருக்கும். அதுக்குத் தூக்கம் சொக்குது."

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில், அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை. சமையலறை மேஜையின் ஒரு பக்கம் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் பாட்டி. மற்ற மூன்று பக்கமும் நாலு, ஏழு, ஒன்பது வயதில் மூன்று வாண்டுகள். பாதியாக நறுக்கிய வாழைப்பழங்கள் தட்டில் நிமிர்ந்து நிற்கின்றன. ஏழு வயதுப் பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு பொடிச் சாக்லேட் சில்லை இரண்டு விரலால் எடுத்து, கூர்முனை உள்ளே போகும்படி திருப்பி, பழத்தில் அழுத்துகிறான். தட்டையான பக்கம் வெளியே தெரிகிறது. கண் ஆயிற்று. கீழே பெரிய சில்லு ஒன்று, திறந்த வாய். பேய் தயார்!

அக்கா அந்தப் பக்கம் தோலுரித்த மாண்டரின் ஆரஞ்சின் நடுக்குழியில் செலரித் தண்டுத் துண்டைச் செருகிப் பூசணிக்காய் செய்கிறாள். ஓவன் அணைந்தே கிடக்கிறது. அடுப்பில் எதுவும் இல்லை. இருக்கிற ஒரே கத்தி பாட்டியின் கையில் இருக்கிறது.

ஹாலோவீன் நெருங்கினால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வீடாக, நூலகம் நூலகமாக இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓவனில் சுடாமல், குழந்தைகளே கை வைத்துச் செய்யும் 'பயமுறுத்தும்' தின்பண்டங்கள். பார்ப்பதற்கு விளையாட்டு. ஆனால், அரை நூற்றாண்டாகப் பயத்தின் பெயரால் பண்டிகையை விட்டு ஒதுங்கியிருந்த வீட்டுப் பலகாரம் இந்த மேஜை வழியாகத்தான் உள்ளே திரும்பி வருகிறது. அது நல்ல வரவு. அதை எப்படி வரவேற்பது என்பதுதான் கேள்வி.

டர்னிப் விளக்கிலிருந்து இனிப்பு வாளி வரை

அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளின் கெல்ட் மக்கள் கொண்டாடிய திருநாளில் ஹாலோவீனின் வேர் இருக்கிறது. இறந்தவர்களின் ஆவிகள் அன்று இரவு நடமாடும் என்பது நம்பிக்கை. நவம்பர் 1-ஐப் புனிதர் அனைவரின் நாளாகக் கிறிஸ்தவம் ஆக்கியபின், அதற்கு முந்தைய இரவான அக்டோபர் 31 ஹாலோவீன் என நிலைத்தது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போன ஐரிஷ் மக்கள் இந்தப் பழக்கங்களையும் கொண்டுபோனார்கள். அங்கே குடைவதற்கு வாகாகப் பூசணிக்காய் கிடைத்தது.

வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போய் இனிப்பு கேட்கும் வழக்கம் 1930-களில் பரவியது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து, அது 1947 வரை நீடித்ததால் தளர்ந்தது. ரேஷன் நீங்கியதும் முன்பைவிட வேகமாகத் திரும்பியது. இன்று அது பெரும் வணிகம். 2023-ல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்கு 1,220 கோடி டாலர் செலவிடுவார்கள், அதில் மிட்டாய்க்கு மட்டும் 360 கோடி டாலர் போகும் என்று அந்நாட்டின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது.

வீட்டுப் பலகாரம் வாசலை இழந்த கதை

ஒரு காலத்தில் ஹாலோவீன் வாசலில் கிடைத்தது வீட்டில் செய்த பாப்கார்ன் உருண்டை, கேரமல் தோய்த்த ஆப்பிள், பிஸ்கட். இன்று அப்படி எதையாவது நீட்டினால் அந்த வீட்டைப் பெற்றோர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஏன்?

1974 ஹாலோவீன் இரவு. டெக்சாஸில் 8 வயதுச் சிறுவன் சயனைடு கலந்த இனிப்புத்தூளைத் தின்று இறந்தான். முகம் தெரியாத யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரே நடுங்கியது. கொடுத்தது பெற்ற தகப்பன். காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்த கொலை. 1984-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. இதற்கிடையே 1982-ல், சிகாகோ பகுதியில் சயனைடு கலக்கப்பட்ட டைலெனால் என்ற வலிநிவாரணி கேப்சூல்களால் 7 பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்குச் சில வாரங்களே இருந்தன. தொழிற்சாலையில் உறையிட்டு வந்த இனிப்பு மட்டும்தான் பாதுகாப்பானது என்ற எண்ணம் அதன்பின் அசைக்க முடியாததாகிவிட்டது.

டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த செய்திகளைத் தேடித்தேடிச் சரிபார்த்தவர். வீடு வீடாகப் போய் வாங்கிய இனிப்பில் அந்நியர் கலந்த நஞ்சால் ஒரு குழந்தை இறந்ததாக நிரூபணமான சம்பவம் ஒன்றைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நடக்காத குற்றத்துக்கு வீட்டுப் பலகாரம் தண்டனை அனுபவித்தது. இதன் விளைவு பெரியது. பண்டிகைக்குத் தின்பண்டம் செய்யும் வேலை வீட்டைவிட்டுப் போனது. பல பள்ளிகள் இப்போதும் வகுப்பு விருந்துக்கு, மூலப்பொருள் அச்சிட்ட கடைப் பொட்டலத்தைத்தான் அனுமதிக்கின்றன. பிள்ளைக்குப் பண்டிகை என்றால் வாங்குவது, சேர்ப்பது, எண்ணுவது என்று சுருங்கிப்போனது.

வாசலில் இழந்ததைச் சமையலறை மேஜையில் மீட்கலாம் என்பதுதான் இந்தச் 'சுடாத' பலகாரங்களின் அருமை. இவை ஊருக்கு விநியோகிக்க அல்ல. நம் பிள்ளைகளும் அவர்களின் தோழர்களும் செய்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட.

> பெட்டிச் செய்தி: 1939-ல் பிறந்த ஒட்டுப் பலகாரம்
>
> சுடாத பலகாரங்களின் முன்னோடி, அமெரிக்காவின் 'ரைஸ் கிரிஸ்பீஸ் ட்ரீட்ஸ்'. மிச்சிகனில் உள்ள பேட்டில் கிரீக் நகரின் கெல்லாக்ஸ் நிறுவனத்தில் வேலைபார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள், சிறுமியர் இயக்கம் ஒன்றின் நிதி திரட்டலுக்காக 1939-ல் இதை உருவாக்கினார்கள்.
>
> அளவு: வெண்ணெய் 3 மேஜைக்கரண்டி, மார்ஷ்மெல்லோ 10 அவுன்ஸ் (சுமார் 283 கிராம்), அரிசிப்பொரி சீரியல் 6 கப். வெண்ணெயையும் மார்ஷ்மெல்லோவையும் மெல்லிய தீயில் உருக்கி, இறக்கி, பொரியைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது. நம்மூர் பொரி உருண்டையில் வெல்லப்பாகு செய்யும் வேலையை இங்கே மார்ஷ்மெல்லோ செய்கிறது.

மேஜையில் நடப்பது என்ன?

பொரியும் மார்ஷ்மெல்லோவும் கலந்த அந்தக் கலவைதான் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது. உருக்கும் வேலை பெரியவர்களுக்கு. தீ கூடினால் ஆறியபின் கல்லாகிவிடும், அவசரப்படக் கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் உள்ளங்கையில் வெண்ணெய் தடவிவிட வேண்டும். தடவாவிட்டால் வெள்ளை இழை இழையாக விரலுக்கு விரல் ஒட்டிக்கொள்ளும். ஒரு கை அள்ளி, மெதுவாக உருட்டி, உச்சியில் பிரெட்ஸெல் என்ற மொறுமொறு உப்பு பிஸ்கட் குச்சி ஒன்றைக் காம்பாகச் செருகினால் பூசணிக்காய். இறுக்கி அழுத்தினால் கடிக்க முடியாது. எவ்வளவு அழுத்தம் போதும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல் உருண்டை கெட்டியாகிப் போகும், இரண்டாவது சரியாக வரும்.

அடுத்தது சிலந்தி. ஓரியோ பிஸ்கட்டின் நடுக்கிரீமில் பிரெட்ஸெல் துண்டுகளைக் கால்களாகச் செருக வேண்டும். எத்தனை கால்? ஒரு பக்கம் மூன்று போதும் என்று ஒரு பிள்ளை சொல்லும். இன்னொன்று புத்தகத்தை எடுத்து வந்து எட்டு என்று நிரூபிக்கும். பக்கத்துக்கு நான்காகச் செருகும்போது பிஸ்கட் உடையும். உடைந்ததை எறிய வேண்டாம். பொடித்தால் அது கல்லறை மண்.

ஆம், கல்லறை! சிறு கோப்பையில் சாக்லேட் புட்டிங், மேலே பொடித்த ஓரியோ மண், அதில் நட்டுவைத்த நீள்வட்ட பிஸ்கட் நடுகல்லாக, மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் ஜெல்லிப் புழு. அமெரிக்கப் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துகளில் 'மண் கோப்பை' என்று ஏற்கெனவே பிரபலமானதுதான்; ஹாலோவீனுக்கு நடுகல் மட்டும் புதிது. உடனடிப் புட்டிங் மாவைக் குளிர்ந்த பாலில் இரண்டு நிமிடம் அடித்தால் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். காத்திருக்கத் தெரியாத வயதுக்கு ஏற்றது.

சாக்லேட் உருக்குவதில் மட்டும் ஒரு கவனம் தேவை. மைக்ரோவேவில் 30 விநாடி வைத்து, எடுத்துக் கிளறி, மறுபடி 30 விநாடி. பாத்திரத்திலோ கரண்டியிலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் சாக்லேட் திரிதிரியாக இறுகிவிடும். வண்ணம் சேர்ப்பதானாலும் தண்ணீர் கலந்த சாயம் ஆகாது. பொடியோ எண்ணெயில் கரைவதோதான் வேண்டும்.

> பெட்டிச் செய்தி: ஒரு மாலை, ஐந்து பலகாரம்
>
> வாழைப்பழப் பேய்: பழத்தைக் குறுக்கே பாதியாக்கி நிறுத்தவும். கறுக்காமலிருக்க ஆரஞ்சுச் சாறு லேசாகத் தடவலாம். கண்ணுக்கும் வாய்க்கும் சாக்லேட் சில்லு.
>
> ஆரஞ்சுப் பூசணி: தோலுரித்த மாண்டரின், நடுவில் செலரித் துண்டு. சர்க்கரை சேர்க்க வேண்டியதே இல்லை.
>
> சூனியக்காரி துடைப்பம்: இழை உரியும் சீஸ் குச்சியைத் துண்டாக்கி, அடியை நாராகக் கிழித்து, மேலே பிரெட்ஸெல் குச்சி செருகி, வெங்காயத்தாள் இழையால் கட்டவும்.
>
> மம்மி பிஸ்கட்: பிஸ்கட் மேல் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டைக் கரண்டி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கோடாக இழுக்கவும். இறுகுமுன் இரண்டு கண் வைக்கவும்.
>
> பூதத்தின் வாய்: இரண்டு ஆப்பிள் கீற்று உதடாக, நடுவே சூரியகாந்தி விதை வெண்ணெய், பல்லுக்குச் சீஸ் துண்டுகள்.

சாயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

ஹாலோவீனின் நிறங்கள் ஆரஞ்சும் கறுப்பும். இந்த ஆரஞ்சு நிறமே ஒருமுறை பிள்ளைகளை நோயில் தள்ளியது. 1950 ஹாலோவீனில், 'ஆரஞ்சு எண் 1' என்ற செயற்கைச் சாயம் அதிகம் சேர்ந்த இனிப்பைத் தின்று பல அமெரிக்கக் குழந்தைகள் நோயுற்றார்கள். அதே காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் டிலேனி உணவில் சேரும் ரசாயனங்கள் குறித்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். 1960-ல் உணவுச் சாயங்களுக்கான புதிய சட்டத் திருத்தம் வந்தது. மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரியவந்த சாயத்தை உணவில் அனுமதிக்கக் கூடாது என்ற விதி அதில் இடம்பெற்றது. அது டிலேனியின் பெயரால் அழைக்கப்படுகிறது.

அந்த விதியின் கை இன்றுவரை நீள்கிறது. எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது தெரிந்து, 'சிவப்பு எண் 3' சாயத்தை 1990-லேயே அழகுசாதனப் பொருள்களிலிருந்து நீக்கினார்கள், உணவில் விட்டுவைத்தார்கள். 2025 ஜனவரியில்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உணவுக்கான அனுமதியையும் ரத்து செய்தது. 2027 ஜனவரி 15-க்குள் தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ, குறிப்பிட்ட ஆறு செயற்கைச் சாயங்கள் சேர்ந்த உணவில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று 2010-லிருந்தே சொல்கிறது.

பிள்ளையோடு உட்கார்ந்து செய்கிற மேஜையில் இந்த முடிவு நம் கையில் இருக்கிறது. ரத்தச் சிவப்புக்குப் பீட்ரூட் பொடி, மஞ்சளுக்குச் சிட்டிகை மஞ்சள்தூள், இரண்டும் சேர்ந்தால் ஆரஞ்சு, கறுப்புக்கு அடர் கோக்கோ. கடைச் சாயம் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. பேய் கொஞ்சம் வெளிறியிருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

கறுப்பு நிறத்துக்காகச் சிலர் கரித்தூள் சேர்க்கிறார்கள். மருந்தகங்களில் கிடைக்கும் அந்தத் தூளுக்கு உணவுச் சாயமாக அமெரிக்காவில் அனுமதி கிடையாது. உடலுக்குள் போன மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். தினமும் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு இது ஆபத்து. வேண்டவே வேண்டாம்.

ஓவன் இல்லை என்றாலும் கவனம் வேண்டும்

தீ இல்லாததால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த ரகத்தில் பலர் செய்வது 'குக்கீ மாவு உருண்டை'. வெண்ணெய், சர்க்கரை, பச்சை மைதா எல்லாம் பிசைந்து அப்படியே தின்பது. மைதா மாவு வேகாத தானியம், அதில் ஈ.கோலை, சால்மொனெல்லா கிருமிகள் இருக்கலாம். 2009-ல் கடையில் விற்ற குக்கீ மாவாலும் 2016-ல் மைதா மாவாலும் அமெரிக்காவில் ஈ.கோலை நோய் பரவியது. மாவை வீட்டில் வறுத்துவிட்டால் போதும் என்ற யோசனையையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்பதில்லை. பச்சை முட்டைக்கும் இதே எச்சரிக்கைதான்.

அடுத்தது மூச்சுத்திணறல். ஹாலோவீன் மேஜையில் 'கண்விழி' என்று முழுத் திராட்சையை வைப்பது வழக்கம். நாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுத் திராட்சை, கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய், மார்ஷ்மெல்லோ கொடுக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. புகை கிளம்ப உலர்பனிக்கட்டி போடுகிறவர்களும் உண்டு. அதன் குளிர் மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். தொட்டாலும் விழுங்கினாலும் புண்ணாகும். பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

> பெட்டிச் செய்தி: நீலப்பச்சைப் பூசணிக்காய்
>
> அமெரிக்காவில் 13 குழந்தைகளில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாகக் கணக்கு. வாசலில் நீலப்பச்சை வண்ணப் பூசணிக்காய் வைத்திருந்தால், அந்த வீட்டில் இனிப்பு அல்லாத சிறு பரிசுகளும் உண்டு என்று பொருள். உணவு ஒவ்வாமைக்கான அமைப்பு ஒன்று 2014-ல் இதை நாடு முழுவதும் கொண்டுசென்றது.
>
> பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டோடு 2023 ஜனவரி முதல் எள்ளும் சேர்ந்து, ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களை அமெரிக்காவில் உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

சர்க்கரையை மறைத்துப் பேசிப் பயனில்லை. 2 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். மூன்று ஓரியோ பிஸ்கட்டிலேயே சுமார் 14 கிராம் போய்விடும். அதனால்தான் மேஜையில் பாதிக்குப் பாதி பழமும் சீஸும் இருப்பது நல்லது. சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயதுவரையான 47 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. பெற்றோரோடு சேர்ந்து சமைத்த குழந்தைகள், பெற்றோர் தனியாகச் சமைத்துக் கொடுத்த குழந்தைகளைவிட சாலட்டைக் கணிசமாக அதிகம் சாப்பிட்டார்கள். தான் செய்ததைத் தின்னும் ஆசை சாக்லேட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஆரஞ்சுப் பூசணிக்கும் உண்டு.

மண்டையோட்டில் எழுதிய பெயர்

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகள் இறந்தோர் நாள். 2008-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற விழா இது. அங்கேயும் சுடாத இனிப்பு உண்டு: சர்க்கரை மண்டையோடு. டோலுகா நகரில் இதற்கென்றே ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது. வீட்டில் பிள்ளைகள் செய்யும் எளிய முறையில், மெரிங் பொடி (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருப் பொடி) கலந்த சர்க்கரையை ஈர மணல் பதத்துக்குப் பிசைந்து அச்சில் அழுத்தி, கவிழ்த்து, இரவெல்லாம் காயவிட்டு, வண்ண ஐசிங்கால் பூவும் கொடியும் வரைவார்கள். நெற்றியில் ஒரு பெயர் எழுதுவதும் உண்டு. இறந்துபோன தாத்தாவின் பெயராக இருக்கலாம். உயிரோடிருக்கும் நண்பனின் பெயராகவும் இருக்கலாம். சாவைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தவிக்கும் பெற்றோருக்கு அந்த இனிப்பு பேச்சைத் தொடங்கிவைக்கிறது.

பேய்ப் பலகாரமும் அதைத்தான் சிறிய அளவில் செய்கிறது. இருட்டுக்குப் பயந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, பேய்க்குக் கண் எங்கே, வாய் எவ்வளவு பெரிது என்று தானே தீர்மானிக்கிறது. பிடிக்காவிட்டால் கண்ணைப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கிறது. கடைசியில் கடித்துத் தின்றுவிடுகிறது. உறையைப் பிரித்துத் தின்னும் மிட்டாயில் இந்த அதிகாரம் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

தமிழ் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31-லேயே வந்தன. தேதி இப்படிச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், புலம்பெயர்ந்த வீடுகளில் இரண்டு பண்டிகையும் ஒரே சமையலறைக்குத்தான் வருகின்றன. சைவ வீடுகள் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லிப் புழுக்களிலும் பெரும்பாலும் இருக்கும் இது, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. அமெரிக்காவில் அதிகமும் பன்றியிலிருந்து. ஜெலட்டின் சேராத மார்ஷ்மெல்லோவும் கடைகளில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் வெல்லப்பாகில் பொரி உருண்டை பிடித்து, காம்பு செருகிப் பூசணியாக்கலாம். பாகு காய்ச்சுவது மட்டும் பெரியவர் வேலை. அதன் சூடு பொல்லாதது.

வாசலில் வாங்கிய மிட்டாய்ப் பையைக் குற்றமாக்க வேண்டியதில்லை. வேடமிட்டு ஊர் சுற்றும் மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் பண்டிகை முழுவதையும் பொட்டலத்திடம் ஒப்படைத்துவிடாதீர்கள். ஒரு மாலையை ஒதுக்குங்கள். யாருக்கு என்ன ஒவ்வாமை என்று விருந்தாளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் முதலிலேயே கேளுங்கள். லேபிளைப் படியுங்கள். எவ்வளவு இனிப்பு என்பதை மேஜை போடும் முன்பே முடிவு செய்யுங்கள். கத்தியும் சூடும் உங்கள் கையில் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும், கோணல் கண் உட்பட, பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.